பந்தல் காலில் சுட்ட மண்

நான் ஒரு நாளிதழுக்குத் தேனியிலிருந்து செய்தி அனுப்பிக்கொண்டிருந்த வருடங்களில், அல்லிநகரத்தில் என் அறைக்கு வந்து சேர்ந்த புகார்களில் பெரும்பகுதி ஒரே வாக்கியத்தில் அடங்கிவிடும்: சிமெண்டில் மண்ணைக் கலந்துவிட்டார்கள். சாக்கடை, சத்துணவுக்கூடச் சுவர், தெருக்குழாய் மேடை, எதுவாக இருந்தாலும் குற்றம் அதுதான். புகார் சொன்னவர் என்னை அந்த இடத்துக்குக் கூட்டிப் போய்ப் புதுப் பூச்சைச் செருப்பு நுனியால் சுரண்டிக் காட்டுவார். உதிர்ந்தால் அது செய்தி. உதிராவிட்டால் ஒரு காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார். நாளடைவில் எனக்கும் அந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது. ஈரம் காயாத கான்கிரீட் எதைப் பார்த்தாலும் கால் தானாகப் போய் உரசும்.

அப்படிப்பட்ட நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் அக்கா எனக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்:

"தம்பி, நான் சிமெண்ட்ல மண்ணக் கலக்கப் போறேன்."

மச்சான், அதாவது அக்காவின் வீட்டுக்காரர், தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எழுதிக்கப்பா. நாளைக்கே போட்டுரு. உங்கக்கா வாயாலயே ஒத்துக்கிட்டா" என்றார்.

அக்கா சின்னமனூரைத் தாண்டி உத்தமபாளையம் போகும் சாலையோரத்தில் கான்கிரீட் கால் வார்க்கும் களம் ஒன்றை நடத்திவந்தாள். திராட்சைத் தோட்டங்களுக்குப் பந்தல் கால். கம்பம் பக்கத்தில் திராட்சைக் கொடி தலைக்கு மேலே கம்பிப் பந்தலில்தான் படரும். பந்தலைத் தாங்குவது வரிசை வரிசையாக நட்ட கால்கள். முன்பெல்லாம் அவை எல்லாம் கருங்கல். குவாரிகளில் கல் கிடைப்பது சிரமமான பிறகு கான்கிரீட் கால் வாங்க ஆரம்பித்தார்கள். விருப்பத்தோடு வாங்கவில்லை. கல்லுக்கு நிகராக எதுவும் வராது என்று சொல்லிக்கொண்டேதான் வாங்கினார்கள்.

களம் இருந்த நிலம் மச்சானுக்குப் பாகத்தில் வந்தது. மச்சான் குமுளி வழியாகக் கேரளாவுக்குக் காய்கறி லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். வேலையைத் தொடங்கியதும், அச்சு அடிக்கச் சொல்லிக் கொல்லனிடம் நின்றதும், ஆள் பிடித்ததும் எல்லாம் அக்கா. சிமெண்ட் விலை ஏறிக்கொண்டே போனது. காலின் விலையை ஏற்றினால் தோட்டக்காரர்கள் கல்லுக்கே திரும்பிப் போய்விடுவார்கள். இரண்டுக்கும் நடுவில் அக்காவுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. மச்சானுக்குத் தெரிந்த லாரி முதலாளி ஒருவர் அந்த இடத்தை வண்டி நிறுத்துவதற்குக் குத்தகைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். இந்த வருடக் காற்றுக்காலம் முடியும் வரை பார்ப்போம், அதற்குள் களம் நிமிராவிட்டால் இடத்தைக் கொடுத்துவிடுவது என்று வீட்டில் முடிவாகியிருந்தது. அக்கா அதற்குச் சம்மதித்திருந்தாள். சம்மதித்த பிறகு, களத்தைப் பற்றி அவள் பேசும்போதெல்லாம் குரலில் ஒரு அவசரம் இருந்தது.

மண் யோசனை அவளுக்கு இரண்டு கட்டமாக வந்தது. முதல் கட்டத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கண்மாயிலிருந்து களிமண் எடுத்துக் காயவைத்து, இடித்துச் சலித்து, சிமெண்டில் கொஞ்சத்தைக் குறைத்துக்கொண்டு அந்த இடத்தில் இதைப் போட்டு ஒரு கால் வார்த்துப் பார்த்திருக்கிறாள். அது காயக் காயக் கோடை வயல் மாதிரி வெடித்துவிட்டது. அதைக் களத்தின் மூலையில் சாக்கைப் போட்டு மூடி வைத்திருந்தாள்.

அந்தச் சாக்கைத் தூக்கிப் பார்த்தவர் ஒரு பொறியியல் கல்லூரி ஆசிரியர். தன் வீட்டு மனையைச் சுற்றி வேலி போடக் கால் வாங்க வந்தவர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சாக்பீஸ் துண்டு கிடக்கும். வெடித்த காலைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "பச்சை மண்ணப் போட்டீங்களாக்கா?" என்று கேட்டாராம். அக்கா இல்லை என்றிருக்கிறாள். பிறகு ஆமாம் என்றிருக்கிறாள்.

நான் அவரை முதன்முதலில் அங்கே சந்தித்தபோது அவர் அச்சுப் பலகையில் சாக்பீஸால் எதையோ வரைந்து விளக்கிக்கொண்டிருந்தார். மேல்படிப்புக்காக இதே விஷயத்தில்தான் ஆராய்ச்சி செய்துகொண்டிருப்பதாகச் சொன்னார்.

"பச்சை மண்ணு தண்ணியக் குடிச்சு உப்பும். காஞ்சா சுருங்கும். அதைச் சுட்டுட்டா அந்தக் குணம் போயிரும். அதுக்காக ரொம்பச் சுட்டாலும் பிரயோசனம் இல்ல. செவக்கச் செவக்க வெந்த செங்கல்லு வெறும் கல்லுதான். பதமாச் சுடணும். சிமெண்ட் இறுகும்போது உள்ள கொஞ்சம் சுண்ணாம்பு மிஞ்சிக் கெடக்கும். பதமாச் சுட்ட மண்ணு அந்தச் சுண்ணாம்பப் பிடிச்சுக்கிட்டு மறுபடியும் இறுகும். ஆனா மெதுவா."

"மெதுவான்னா?" என்றாள் அக்கா.

"முதல்ல நம்ம சாதாக் கலவையவிடச் சோப்ளாங்கியாத்தான் இருக்கும். ஒரு மாசம் நல்லா நனைச்சு வச்சிருந்தா அதுக்குச் சமமா வந்துரும். அதுக்கு முன்னால அதுகிட்ட வேலை வாங்கக் கூடாது."

"எங்க வீட்டுக்காரர் மாதிரின்னு சொல்லுங்க" என்றாள் அக்கா. ஆசிரியர் சிரிக்கலாமா என்று யோசித்துவிட்டுச் சிரித்தார்.

பதமாகச் சுட்ட மண்ணுக்கு அதிக தூரம் போக வேண்டியிருக்கவில்லை. பக்கத்துச் செங்கல் காளவாசலில் ஒவ்வொரு சூளை பிரிக்கும்போதும் மேல் அடுக்கில் அரைவேக்காட்டுக் கல் மிஞ்சும். நிறம் வெளுத்து, கையால் உடைத்தால் உடையும். வாங்க ஆள் கிடையாது. பள்ளத்தில் தள்ளி மூடுவார்கள். காளவாசல்காரர், "அள்ளிட்டுப் போ ஆத்தா, எனக்கு எடம் மிச்சம்" என்று கொடுத்துவிட்டார்.

அதை மாவாக அரைப்பதுதான் பெரும்பாடு. சின்னமனூரில் மிளகாய், மல்லி அரைக்கும் மில்லுக்கு அக்கா ஒரு சாக்குக் கல்லைக் கொண்டுபோனபோது நானும் கூட இருந்தேன். மில்காரர் சாக்கைப் பிரித்துப் பார்த்தார். ஒரு சில்லை எடுத்து விரலில் தேய்த்தார். சிவப்பாக ஒட்டியது. முகம் மாறிவிட்டது.

"ஏம்மா, என்னைய ஊரை விட்டு ஓடச் சொல்லுறியா? என் மில்லுல செங்கத்தூள் அரைச்சாகன்னு ஒருத்தி பாத்துட்டாப் போதும். அப்புறம் எவ மொளகா கொண்டாருவா?"

"அண்ணே, இது பந்தல் காலுக்கு."

"பந்தல் காலுக்குன்னு நீ சொல்லுவ. வெளிய போற சாக்கைப் பாக்குறவ அப்படியா நெனப்பா? மொதல்ல அத எடு. அந்தா தம்பி வேற பேப்பர்க்காரு மாதிரி நிக்குது. எடும்மா எடு."

கடைசியில் ஆண்டிபட்டிப் பக்கம் கோலமாவு அரைக்கும் மில் ஒன்று அகப்பட்டது. அந்த மில்காரருக்குக் கல்லை அரைப்பதில் எந்தக் கூச்சமும் இல்லை. வெள்ளைக் கல் அரைத்துக்கொண்டிருந்த இடத்தில் சிவப்பு அரைத்ததால் மறுநாள் கோலமாவு கொஞ்சம் ரோஸ் நிறத்தில் வந்ததாம். அதையும் அவர் கலர் மாவு என்று விற்றுவிட்டதாகச் சொன்னார்.

நாலு மூட்டை சிமெண்ட் போகும் இடத்தில் மூன்று, மீதிக்கு இந்தத் தூள். இதுதான் ஆசிரியர் சொன்ன கணக்கு. சின்னச் சதுரக் கட்டிகள் வார்த்து அவருடைய கல்லூரிக்குக் கொண்டுபோய் மிஷினில் வைத்து நசுக்கிப் பார்த்தார்கள். ஒரு வாரத்துக் கட்டி சீக்கிரமே நொறுங்கியது. அக்கா அப்போது என்னைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாதம் தாண்டிய கட்டி சாதாக் கலவைக் கட்டிக்குச் சமமாக நின்றது. ஆசிரியர், இன்னும் ஆறு மாதம் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றார். அக்காவிடம் ஆறு மாதம் இல்லை.

அவள் என்னிடம் ஒன்று கேட்டாள். இதைப் பேப்பரில் போட முடியுமா என்று. செய்தி என்று பார்த்தால் நல்ல செய்திதான். ஆனால் சொந்த அக்காவின் களத்தைப் பற்றி நான் எழுதக் கூடாது. அதைவிட, என்ன தலைப்பு வைத்தாலும் அது புகார் மாதிரியேதான் தெரியும். சிமெண்டுக்குப் பதில் மண் என்று கொட்டை எழுத்தில் பார்த்த பிறகு, கீழே என்ன விளக்கம் எழுதினாலும் யார் படிப்பார்கள்? இதைச் சொன்னபோது அவள், "அப்ப நீ எழுதவே வேணாம். நானே ஒவ்வொருத்தர்ட்டயும் வாயால சொல்லிக்கிறேன்" என்றாள்.

சொன்னாள். கூடலூர் பக்கத்துத் திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் பழைய பந்தலைப் பிரித்துவிட்டு ஒரு தோட்டம் முழுவதற்கும் கால் கேட்டு வந்தபோது, இதில் கொஞ்சம் சுட்ட மண் இருக்கிறது, அதனால் விலையும் கொஞ்சம் குறைவு என்று என் முன்னால்தான் சொன்னாள். அறுபதை நெருங்கிய மனிதர், தோளில் துண்டு, கையில் செல்போன். அவர் கேட்டது ஒரே கேள்வி.

"நிக்குமா?"

"நிக்கும்ணே. மாசம் கழிச்சு எடுங்க. அவசரப்படாதீக."

"ஆடிக் காத்துக்கு முன்னால ஊணணும்மா. பந்தல் இல்லாமக் கொடி தரையில கெடக்கு."

அந்தப் பள்ளத்தாக்கில் ஆடிக் காற்று சும்மா வராது. கணவாய் வழியாக இறங்கி வந்து தோட்டம் தோட்டமாகப் பந்தலைச் சாய்த்துவிட்டுப் போகும். நானே பல வருடம் அந்தச் சேதச் செய்தியை எழுதியிருக்கிறேன். அவருடைய அவசரம் நியாயமானது. அக்காவும் ஆள் கூட்டி வேகமாக வார்த்தாள். முன்னால் வார்த்தவை முன்வரிசையில், பின்னால் வார்த்தவை பின்வரிசையில் அடுக்கப்பட்டன.

நடந்த தவறைப் புரிந்துகொள்ள, களத்தில் காலை எப்படிப் பதம் பார்ப்பார்கள் என்று தெரிய வேண்டும். வார்த்த கால் முதலில் கருஞ்சாம்பல் நிறத்தில் இருக்கும். நாளாக ஆக வெளுத்துக்கொண்டு வரும். லோடு ஏற்றுபவர்கள் தேதி கேட்க மாட்டார்கள். வெளுத்ததை எடுப்பார்கள், கறுத்ததை விடுவார்கள். எல்லாக் களத்திலும் அதுதான் வழக்கம், அது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். மச்சானும் அப்படித்தான் பார்ப்பார், நானும் அப்படித்தான் பார்த்திருப்பேன்.

இந்தக் கலவையில் அது தலைகீழாகப் போய்விட்டது. சுட்ட மண் சேர்ந்த கால் அதிக நாள் ஈரத்தில் இருக்க வேண்டும் என்று ஆசிரியர் சொல்லியிருந்ததால், அக்கா முன்வரிசைக் கால்களை நனைத்த சாக்குகளால் மூடி, வேளா வேளைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். அவை மாதம் ஆகியும் கறுத்தே கிடந்தன. பின்வரிசைக்குச் சாக்குப் போதவில்லை. அவற்றுக்குக் காலையும் மாலையும் குடத்தால் தண்ணீர் ஊற்றினாள். காற்று வீச ஆரம்பித்திருந்ததால், ஊற்றிய கொஞ்ச நேரத்தில் மேற்பரப்பு காய்ந்து, வெளிறிய செம்மண் நிறத்தில் அவை முற்றிய கால் மாதிரியே தெரிந்தன.

அக்கா போடியில் ஒரு கல்யாணத்துக்குப் போன அன்று தோட்டக்காரர் சொல்லாமல் லாரி அனுப்பிவிட்டார். களத்தில் மச்சான் இருந்தார். லோடுமேன்கள் இறங்கினார்கள், பார்த்தார்கள், நேராகப் பின்வரிசைக்குப் போனார்கள். மச்சான் தடுக்கவில்லை. அவர் கண்ணுக்கும் அதுதான் சரியாகப் பட்டது. ஈரச் சாக்கை நீக்கி முன்வரிசையைப் பார்த்த ஒரு லோடுமேன், "இது இன்னும் பச்சப்புள்ளண்ணே" என்று சொல்லி மறுபடி மூடி வைத்தாராம்.

சாயங்காலம் கூடலூரிலிருந்து போன் வந்தது. அக்கா அப்போதுதான் கல்யாணத்திலிருந்து திரும்பி, பட்டுப்புடவையைக்கூட மாற்றாமல் களத்தில் நின்றுகொண்டிருந்தாள். நானும் அவளோடு பஸ்ஸில் வந்திருந்தேன். தோட்டக்காரர் பேசியது எனக்கே கேட்டது.

"எறக்கும்போதே மளார் மளார்னு ஒடியுதும்மா! உள்ள இருக்க கம்பி பல்லக் காட்டுது. மண்ணப் போட்டு என் தலையில கட்டிட்டியே!"

அக்கா திட்டு முழுவதையும் கேட்டாள். பிறகு பின்வரிசை இருந்த வெற்றிடத்தைப் பார்த்தாள். மச்சானைப் பார்த்தாள்.

"அண்ணே, தப்பான வரிச வந்துருச்சு. அது வார்த்து இன்னும் மாசம் ஆகல. எடுக்க வேண்டியது இங்கனதான் கெடக்கு. ஒடிஞ்சதுக்கு நான் பொறுப்பு. ஒடியாததையும் ஊணாதீக, திருப்பி ஏத்தி விடுங்க. நீங்களே வந்து பாருங்க."

"என்னத்தப் பாக்குறது?"

"நீங்களே ஒரு காலப் பொறுக்கி எடுங்க. ஆளக் கூட்டியாந்து உக்காந்து பாருங்க. ஒடிஞ்சா அத்தனையும் எனக்கு. இந்தக் களத்தையே மூடிட்டுப் போயிர்றேன்."

கடைசி வாக்கியம் போனுக்காக மட்டும் சொன்னது இல்லை. அதைக் கேட்டுக்கொண்டு நின்ற மச்சான், போன் வைத்ததும் கேட்டார்: "எடம் கேட்ட லாரிக்காரருக்குச் சொல்லிரவா?"

"உக்காந்து பாக்கட்டும். அப்புறம் சொல்லு."

உட்கார்ந்து பார்ப்பது என்பது பந்தல் கால் வாங்குவதில் ஒரு வழக்கம். கல் கால் காலத்திலிருந்தே உண்டு. இரண்டு கல்லை இரண்டு முனையில் வைத்து, அதன்மேல் காலைப் படுக்கப் போட்டு, நடுவில் ஆள் உட்கார வேண்டும். எந்தக் கால் என்பதை வாங்குபவர் சொல்வார். விற்பவர் வாய் திறக்கக் கூடாது. ஒடிந்தால் அந்த அடுக்கு முழுவதும் தள்ளுபடி.

இடையில் இருந்த நாட்கள் நல்லபடியாக இல்லை. செய்தி சாலை வழியாகவே இறங்கி வந்துவிட்டது. கால் கேட்டிருந்த வேறொருவர், தற்போது வேண்டாம் என்று ஆள் அனுப்பிச் சொன்னார். சாலை எதிரில் இருந்த டீக்கடையில் அக்காவின் களத்துக்குப் புதுப் பெயரே வந்துவிட்டது: மண்ணுக் களம். அந்தக் கடையில் அப்போது வேறு பேச்சும் இருந்தது. பெரியாறு அணை பலமா இல்லையா என்று இரண்டு மாநிலமும் சண்டை போட்டுக்கொண்டிருந்த வருடங்கள் அவை. அந்தச் செய்திக்காக நான் மலையடிவாரத்து லோயர் கேம்புக்கும் கம்பத்துக்கும் அலைந்துகொண்டிருந்தேன். பள்ளத்தாக்கில் யாரைக் கேட்டாலும் அணை சுண்ணாம்பும் சுர்க்கியும் போட்டுக் கட்டியது, நூறு வருடமாக நிற்கிறது, இன்னும் நிற்கும் என்று மேசையைத் தட்டிச் சொல்வார்கள். சுர்க்கி என்றால் சுட்ட மண்ணின் தூள். அதே வாயால் அடுத்த டீயில் மண்ணுக் களம் என்பார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. அணையை யாரும் காசு கொடுத்து வாங்கவில்லை.

தோட்டக்காரர் ஒரு காலைப்பொழுதில் ஜீப்பில் வந்தார். கூட அவருடைய மைத்துனர். இவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கம்பத்தில் ஆட்டுக்கறிக் கடை வைத்திருந்தவர். ஜீப் ஒரு பக்கமாகச் சாய்ந்து வந்ததற்குக் காரணம் அவர்தான். சுற்றுவட்டாரத்தில் யார் கால் வாங்கப் போனாலும் அவரைக் கூட்டிப் போவார்களாம். கட்டில், ஊஞ்சல் பலகை வாங்கவும்கூட. இறங்கியதும் அவர் முதலில் கேட்டது தண்ணீர். அடுத்துக் கேட்டது, "காலையில இன்னும் சாப்புடலத்தா, இட்லி இருக்கா?"

"சாப்புட்டு உக்காருறதுதான் மாமா நியாயம். வெறும் வயித்தோட உக்காந்தா எடை கொறஞ்சிரும்ல?" என்றார் மச்சான், பல்லைக் கடித்துக்கொண்டு.

"நீ ஒண்ணும் கவலப்படாத மாப்ள. எனக்கு எந்த நேரமும் எடை சரியாத்தான் இருக்கும்."

அக்கா இட்லி வைத்தாள். அவர் எத்தனை சாப்பிட்டார் என்று நான் பார்க்கவில்லை. அக்கா பார்த்திருப்பாள்.

தோட்டக்காரர் முன்வரிசைச் சாக்குகளை எடுக்கச் சொன்னார். கால்கள் கறுத்துக் கிடந்தன. அவர் முகம் சுளித்தார். "இது ஈரமாவே இருக்கேம்மா. நீ முத்துனதுன்னு சொல்லுற?"

"நெறத்தப் பாக்காதீகண்ணே. நெறத்தப் பாத்துத்தான் போன தடவ ஏமாந்தோம்."

அவர் வரிசையில் நடந்து, நடுவிலிருந்த ஒன்றைக் காட்டினார். பிறகு மனம் மாறி அதற்கு இரண்டு தள்ளி வேறொன்றைக் காட்டினார். இரண்டு ஆட்கள் தூக்கிக் கற்கள் மேல் போட்டார்கள். மைத்துனர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு காலின் நடுவில், பஸ்ஸில் சீட்டுப் பிடிப்பவர் போல, மெதுவாக உட்கார்ந்தார்.

ஒன்றும் நடக்கவில்லை.

"ஆட்டிப் பாருய்யா" என்றார் தோட்டக்காரர். அவர் ஆட்டினார். கல்லில் கால் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. "இன்னொரு ஆள் ஏறு" என்றார் தோட்டக்காரர். ஜீப் டிரைவர் ஏறி மைத்துனருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மைத்துனர் டிரைவரின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, தோட்டக்காரரைப் பார்த்து, "நீயும் ஏறுறியா மச்சான்? எடம் இருக்கு" என்றார்.

தோட்டக்காரர் ஏறவில்லை. ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டு வாங்கி, இருவரும் உட்கார்ந்திருக்கும்போதே காலின் மேலும் பக்கத்திலும் ஊற்றினார். குனிந்து, துண்டால் துடைத்துக் காத்திருந்தார். இது எனக்குப் புதிது. மயிரிழை விரிசல் இருந்தால் அது தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். துடைத்த பிறகு மற்ற இடம் காயும்போது அந்தக் கோடு மட்டும் கறுப்பாகத் தெரியும். அவர் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை கண்ணைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே போனார். அக்கா கைகளை முந்தானைக்குள் வைத்திருந்தாள். மச்சான் சாலையில் போன ஒரு லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோடு இல்லை.

தோட்டக்காரர் இன்னொரு காலைக் காட்டினார். அதுவும் நின்றது. மூன்றாவதைக் காட்டியபோது மைத்துனர், "ஏன் மச்சான், பெரியாறு அணையே இதுலதான் நிக்குதுன்னு நேத்து கடையில நீதான் கத்துன" என்றார்.

"அணை வேற, என் தோட்டம் வேற. நீ உக்காரு."

மூன்றாவதும் நின்றது. மைத்துனர் எழுந்து லுங்கியைத் தட்டிக்கொண்டார். தோட்டக்காரர் சொம்பை அக்காவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, களத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தார். அவர் என்ன முடிவு செய்யப் போகிறார் என்று எனக்குத் தெரியவில்லை. கால் நின்றுவிட்டது, ஆனால் முதல் லோடு ஒடிந்த சத்தத்தை அவர் காது மறந்திருக்காது. அது முகத்தில் தெரிந்தது.

"ஒண்ணு செய்யலாம்மா" என்றார் திரும்பி வந்து. "பந்தலோட நாலு ஓரத்துலயும் கம்பிய இழுத்துக் கட்டுற கால் இருக்குல்ல, இழுவைக் கால். அதுதான் காத்தத் தாங்கணும். அது எனக்கு முழுச் சிமெண்ட்ல வேணும். அதுல மண்ணச் சேக்க நான் விட மாட்டேன். உள்ள நிக்கிறது சும்மா வெயிட்டத் தாங்குனாப் போதும். அதுக்கு இத எடுத்துக்கிறேன்."

"இழுவைக் காலுக்கும் இது தாங்கும்ணே."

"தாங்கும்னு நீ சொல்லுற. ஒரு ஆடி போகட்டும். அடுத்த வருசம் நானே சொல்றேன்."

அக்கா வாதாட வாய் எடுத்தாள். நான் அவளை அறிவேன். ஆசிரியரின் மிஷின், சதுரக் கட்டி, சுண்ணாம்பு எல்லாம் நாக்கு நுனியில் இருந்தன. ஆனால் ஆசிரியர் கேட்ட ஆறு மாதமும் அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். பிறகு, "சரிண்ணே. ஆனா உங்க லாரி வர்ற அன்னைக்கு நான் இங்கன இருப்பேன். நான் கை காட்டுறதத்தான் ஏத்தணும்" என்றாள்.

"அதச் சொல்லு மொதல்ல" என்றார் அவர்.

ஜீப் போய்விட்டது. உட்கார்ந்து பார்த்த மூன்று கால்களும் கற்கள் பக்கத்தில் ஈரமாகக் கிடந்தன. மச்சான் ஒரு பெயிண்ட் டப்பாவையும் தூரிகையையும் தேடி எடுத்து வந்தார். திரும்பி வந்திருந்த பின்வரிசைக் கால்கள் ஒவ்வொன்றின் தலையிலும் வார்த்த தேதியை எழுத ஆரம்பித்தார். அவருக்குத் தேதி தெரியாது. ஒவ்வொரு காலுக்கும் அக்காவைக் கேட்டார். அவள் இருந்த இடத்திலிருந்தே சொன்னாள். அவர் எழுத்து கோணலாக இருந்தது. சில இடங்களில் பெயிண்ட் வழிந்தது.

பாதியில் தூரிகையை டப்பா மேல் வைத்துவிட்டு அவர் நிமிர்ந்தார்.

"இழுவைக் காலுக்கு அச்சு இன்னும் கொஞ்சம் தடிமனா வேணும்ல?"

"ஆமா" என்றாள் அக்கா.

"எத்தன அச்சு சொல்லட்டும் கொல்லன்ட்ட?"

அக்கா யோசித்துச் சொன்னாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு சின்னமனூர் பஸ்ஸுக்கு நடந்தார். லாரி முதலாளியிடம் அவர் எப்போது, என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அந்த வருடம் ஆடி முடிந்தும் அந்த இடத்தில் கால்கள்தான் காய்ந்துகொண்டிருந்தன.